பெருங்காயம்

உன்னையெல்லாம் எந்த மிஷினில் நிறுத்துவது. இந்த வாக்கியம் தன்னுடையது இல்லை, வேறு யாரோ எப்போதோ சொன்னது, காதில் விழுந்து எங்கேயோ தங்கிக் கிடந்து இன்று காலை தன் வாய் வழியாக வெளியே வந்துவிட்டது என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. யார் சொன்னது என்பதுதான் பிடிபடவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய் நாரைப் போல நாக்கு அதையே போய்ப் போய்த் தொட்டது. பதினாறு வயது மகளிடம் சொல்லும் வார்த்தையா அது. அவர் வேலை பார்த்த நூல் மில்லை மூடி, இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்று, அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். பால்கனிகளில் துணி காய்கிறது. இனி எந்த மிஷின், எவன் நிறுத்தப்போகிறான். ஆனாலும் சொன்னார். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போன வெண்மணி அங்கேயே நின்றுவிட்டாள். தொட்டி நிறைந்து, வழிந்து, பக்கத்து வீட்டு ராசாத்தி காயப்போட்டிருந்த மிளகாயெல்லாம் நனைந்து, அந்தம்மாள் முறத்தோடு வந்து வாசலில் நின்று, "ஏனுங்ண்ணா, ஊருக்கெல்லாம் நாயம் பேசறீங், உங்கூட்டு மோட்டார நிறுத்த ஒரு ஆளில்லீங்ளா?" என்று கேட்டுவிட்டாள். மேலே என்னடி பண்ணினாய் என்றால், காக்கை ஒன்று கம்பித்துண்டைத் தூக்கிக்கொண்டு போய் செல்போன் கோபுரத்தில் கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "கம்பிய வளச்சு வளச்சு வைக்குதுங்ப்பா" என்று, நனைந்த பாவாடையோடு, ஏதோ அவரும் கேட்டு மகிழ வேண்டிய செய்தியைப் போலச் சொன்னாள். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அது ஒரு பதில். முகத்தில் இருந்த வெளிச்சத்தை யாரோ சுவிட்சை அமுக்கி அணைத்த மாதிரி ஆனது, அவ்வளவுதான். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு பருப்பு வேகவைக்க முடியவில்லை. மனைவி தெய்வானைக்குப் பனியன் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். ஞாயிறு சமையல் அவருடையது. டப்பாவைத் திறந்தால் பெருங்காயம் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று, "போயி பெருங்காயம் வாங்கிட்டு வா, போறப்ப அடுப்பச் சிம்முல வெச்சிட்டுப் போ" என்றார். "சரீங்ப்பா." அடுப்புத் திருகு திரும்பிய சத்தம் அவர் காதில் விழுந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு, பெருங்காயம், பெருங்காயம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். சொல்லிக்கொண்டே போனால்தான் கடை போய்ச் சேரும்வரை வார்த்தை கையில் நிற்கும் அவளுக்கு. ஐந்து வயதில் இதே வாசலில் நின்று, பெருங்காயம்னா பெரிய காயமாங்ப்பா, யாருக்குப் பட்டுதுங்ப்பா என்று கேட்டவள். அன்றைக்குத் தெருவே சிரித்தது. அவர் அதை ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் கூடச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

அவள் போனதும் அவர் செய்த முதல் காரியம் அடுப்பை ஏற்றிவைத்ததுதான். எதுவும் மெதுவாக வேகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காத கை அது. எல்லாம் கொதிக்க வேண்டும், உடனே கொதிக்க வேண்டும். ஏற்றிவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். கூடத்திலிருந்து வாசலுக்கு. வாசலில் நின்றால் தெருக்கோடியும், அதற்கப்பால் ரயில்வே சுவரும், சுவரில் ஆட்கள் இடித்து வைத்திருக்கும் சந்தும் தெரியும். பழைய ரயில்வே கேட்டை மூடிவிட்டுத் தரைக்கடியில் ஒரு பாதை வெட்டினார்கள். அதில் மழை பெய்தாலும் தண்ணீர், பெய்யாவிட்டாலும் தண்ணீர். மனுக் கொடுத்தார், மறியல் செய்தார், பத்திரிகையில் படம் போட்டார்கள், தண்ணீர் அப்படியே நிற்கிறது. எனவே ஊர் முழுக்கத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் மளிகைக்குப் போகிறது. கூட்ஸ் வண்டி சிக்னலுக்கு நின்றுவிட்டால் பெட்டிக்கடியில் குனிந்து புகுந்து அந்தப் பக்கம் போவார்கள், தலையில் சுமையோடு பெண்கள் கூட. நீ அப்படிப் போகக் கூடாது, நின்றால் நிற்கட்டும், வண்டி போகிறவரை நில் என்று வெண்மணியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொன்னது எங்கே நிற்கிறது அவளிடம். மரத்தைப் பார்ப்பாள், மேகத்தைப் பார்ப்பாள், வருகிற வண்டியை மட்டும் பார்க்க மாட்டாள். வண்டி இப்போது வந்தது. முதலில் ஊதல், பிறகு தரையின் அதிர்வு, பிறகு இரும்போடு இரும்பு தேய்கிற அந்தக் கீச்சொலி. நீண்டுகொண்டே போய், சட்டென்று இல்லை. நின்றுவிட்டது. ஏன் நின்றது. சிக்னல். சிக்னலுக்குத்தான் நிற்கும், வாரத்தில் பாதி நாள் நிற்கிறது. சிக்னல் இல்லாமலும் நின்றிருக்கிறது. மில் மூடி, சங்கு ஊதாமல் விடிந்த காலைகளில் ஒன்றில், கூட வேலை பார்த்த ரங்கண்ணனுக்காக நின்றது. அன்றைக்கும் இதே கீச்சொலி. குழந்தைவேலுதான் தன் வேட்டியை அவிழ்த்து உடலை மூடினார். ரங்கண்ணன் கவனமில்லாமல் தாண்டியவர் இல்லை. நன்றாகக் கவனித்து, நேரம் பார்த்துப் போனவர். சுவிட்ச் அணைந்த அந்த முகம் குழந்தைவேலுவின் கண் முன்னால் வந்து நின்றது. கவனமில்லாமல் போயிருந்தால் ஒரு பயம். கவனத்தோடு போயிருந்தால் அதைவிடப் பெரிய பயம். சீ, என்ன நினைப்பு இது. பெருங்காயம் வாங்கப் போனவள் வருவாள். உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார். போய்ப் பார்த்துவிடலாம், பத்து எட்டு. ஆனால் போனால், வேவு பார்க்க வந்தீங்ளாப்பா என்பாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். அவர் கூட்டத்தில் போலீஸ்காரனைப் பார்க்கிற பார்வையை அவளிடம் இரண்டொரு முறை கண்டிருக்கிறார். எங்கேயிருந்து கற்றுக்கொண்டாள் என்று கேட்கவா வேண்டும்.

கவனம், கவனம் என்று இந்தச் சொல் ஏன் தன்னை விடமாட்டேன் என்கிறது. அவர் வாழ்நாளில் ஜெயித்தது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் இந்தச் சொல்லோடு மோதி ஜெயித்தது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை பார்த்த மாரப்பனின் வலது கையில் மூன்று விரலைப் பல் உருளை இழுத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் முன்னாலேயே நிர்வாகம் குற்றப்பத்திரிகை கொடுத்தது. பணியில் கவனக்குறைவு. விரல் போனவன் மேல் குற்றம். விசாரணையில் வாதாடும் பொறுப்பு அவருக்கு. மீசை சரியாக முளைக்காத வயது, பள்ளிக்கூடம் தாண்டாத படிப்பு, கையில் இருந்ததெல்லாம் கூட்டங்களில் பொறுக்கிச் சேர்த்த துண்டுப் பிரசுரங்கள். அவற்றைத் தெருவிளக்கில் படித்துப் படித்துத்தான் உலகம் எதனால் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டவர். அந்தப் பழக்கத்தில் தானே ஒன்று எழுதினார். இரவு பகலாக இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, மூடி இல்லாத உருளைக்குக் கையை நீட்டச் சொல்லிவிட்டு, கவனம் எங்கே என்று கேட்கிறான். தோழனே, கவனக்குறைவு என்பது நம் வீட்டுச் சொல் அல்ல, அது அவன் வீட்டுச் சொல். மில் கேட்டில் அந்தத் தாளை ஆயிரக்கணக்கான கைகள் வாங்கின. இனி கவனமாக இருப்பேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தபோதும் மாரப்பனைச் சொல்லவிடவில்லை அவர். சொன்னால் நீ ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், வாயைத் திறக்காதே. கடைசியில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதினார்கள்: பாதுகாப்பு மூடி இல்லாமையால். கேட்டில் சரம் வெடித்தார்கள், அவரைத் தோளில் தூக்கினார்கள். அன்றைக்கு டீக்கடையில் மாரப்பன், இடது கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு சொல்லட்டுமா கொழந்தவேலு, நெசமாலுமே என்ற கவனம் அப்ப அங்க இல்லீப்பா, எங்கியோ போயிருச்சு" என்றான். அவர் அவன் வாயைப் பொத்தினார், சிரித்துக்கொண்டேதான். "எங்க போச்சுன்னு நீயாவது கேளேன்" என்றான் மாரப்பன். கேட்கவில்லை. மூடி இல்லாத இயந்திரமும் உண்மை, எங்கேயோ போன மனசும் உண்மை என்று இரண்டையும் ஒரே கையில் பிடிக்க அன்றைக்கு அவருக்கு வலு இல்லை. போராட்டத்துக்கு ஒரு உண்மை போதும், இரண்டாவது வந்தால் கோஷம் போட முடியாது. மாரப்பன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. எங்கே போயிருந்தது அவன் மனசு. எருமை ஈனுகிற நேரமா, பொண்டாட்டியிடம் சண்டையா, அவனும் ஒரு காக்கையைப் பார்த்தானா.

ரயில் இன்னும் நிற்கிறது. கிளம்பினால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்குமே, கேட்கவில்லை. அந்த டாக்டரம்மாளுக்கு வயது முப்பது கூட இருக்காது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் வெண்மணியை அழைத்துப் போனார்கள், போன வருஷம். அரைநாள் அவளோடு தனியாகப் பேசிவிட்டு, அப்பா அம்மாவையும் உட்காரவைத்து, பொறுமையாகச் சொன்னாள்: "இதுக்குப் பேரு கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு. ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லுவோம். பொம்பளப் புள்ளைங்ககிட்ட லேட்டாத்தான் தெரியும், ஏன்னா அதுங்க மேல ஏறிக் குதிக்கறதில்ல, உள்ளயே ஓடிட்டிருக்கும்." குழந்தைவேலுவின் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. மீதி வாக்கியத்துக்குள் அவர் நுழையவே இல்லை. கவனக்குறைவு. மறுபடியும். இந்த முறை நாற்காலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு. அவர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. உங்கள் பள்ளிக்கூடம் ஒரு மில், மணி அடித்தால் உட்காரு, மணி அடித்தால் எழுந்திரு, அதற்கு அடங்காத பிள்ளைக்கு நோய் என்று பேர், நோய்க்கு மாத்திரை, மாத்திரைக்கு ஒரு முதலாளி. நன்றாகத்தான் பேசினார். அதில் பொய் எதுவும் இல்லை. வெளியே ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மாள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி, ஒரு எடத்துல உக்கார முடியாம..." என்று இழுத்தாள். வெண்மணி நின்றுகொண்டிருந்த அப்பாவை ஏறிட்டுப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். தெய்வானை ஜன்னலைப் பார்த்தாள். "எங்க குடும்பத்துல யாரும் இல்லீங்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார். வெளியே வாதாமரத்தடியில் மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த முகம். அதைத்தான் இப்போது நினைக்கக் கூடாது, நினைக்கிறார். "அப்பா, அவங்க சொன்னதெல்லாம் சரியா இருக்குதுங்ப்பா. எனக்கு உள்ளுக்குள்ள அப்படியேதான் இருக்கும். நான் திமிர்ல பண்றதில்லியாமா, சோம்பேறியும் இல்லியாமா. அதுக்கு ஒரு பேரே இருக்குதுங்ப்பா." பேர் இருக்கிறது என்று சொன்னபோது விடுதலையாகி ஜெயில் வாசலில் நின்று வெயிலைப் பார்க்கிறவனின் முகம் அது. அவர் பார்த்திருக்கிறார் அந்த முகத்தை, தன் தோழர்களிடம், கண்ணாடியில் தன்னிடமும். பார்த்தும் சொன்னார்: "எதிரி வெக்கற பேர நாமளே எடுத்துச் சூடிக்கக் கூடாது கண்ணு. உனக்கு ஒண்ணுமில்ல." ஒன்றுமில்லை. அவளுக்கு வந்த விடுதலை உத்தரவை வாங்கிக் குற்றப்பத்திரிகை என்று வாசித்துக் கிழித்துப் போட்டார். அந்த டாக்டரம்மாளிடம் திரும்பிப் போகவே விடவில்லை. ஒன்றுமில்லை என்றால் பிறகு என்ன. பிறகு திமிர்தான். பிறகு சோம்பேறிதான். இந்த ஒரு வருஷமாக அவரே அந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்பில் ஏதோ துடித்தது. மாரடைப்பு என்று ஒரு கணம் நினைத்து, பிறகு சட்டைப் பையில் கைவிட்டால் வெண்மணியின் செல்போன். நேற்று சாயங்காலம், எல்லாக் கவனமும் இதில்தான் போகிறது என்று பிடுங்கி வைத்தது. யாரோ ரயிலடியிலிருந்து கூப்பிடுகிறார்கள், பிள்ளை பையில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று பதறி எடுத்தார். நம்பர் பையில் எப்படி இருக்கும், என்ன முட்டாள்தனம். அழைப்பு இல்லை, அலாரம். கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் படித்தார். அடுப்பு, என்று இருந்தது. அவ்வளவுதான், ஒரே சொல். அமுக்கி நிறுத்தினார். காலையிலும் இதே மாதிரி துடித்தது, ராசாத்தி முறத்தோடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால். அப்போதும் அமுக்கி நிறுத்தினார். அதிலும் ஒரு சொல் இருந்ததே. என்ன சொல். மோட்டார். ஆமாம், மோட்டார் என்று இருந்தது. குழந்தைவேலு வாசற்படியில் கையூன்றிக்கொண்டார். அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சங்கு அது. ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற மாதிரி, காக்கையிடம் போன மனசைத் திரும்பக் கூப்பிட, ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்த நேரத்துக்கு முன்கூட்டியே ஒன்று வைத்திருக்கிறாள். யாரும் சொல்லித்தராமல். அந்தச் சங்கைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, ஊதியபோது வாயையும் பொத்திவிட்டு, மோட்டாரை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டிருக்கிறார். மூடியைக் கழற்றிவிட்டுக் கவனம் எங்கே என்று கேட்கிறவன். மூடி இல்லாமையால். பாதுகாப்பு மூடி இல்லாமையால். எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். உட்கார முடியவில்லை. எப்போதுதான் முடிந்தது. எட்டாம் வகுப்பில் பெஞ்சின் காலோடு அவர் காலைக் கட்டிவைத்தார் வாத்தியார், பெஞ்சையும் இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனதாகக் கதை. கதை இல்லை, நிஜம்தான். கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் சுவரோரமாக நடந்துகொண்டிருப்பார். குழந்தைவேலு உட்கார்ந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம் என்பார்கள். எத்தனை சைக்கிளை எத்தனை கேட்டில் மறந்து வந்திருக்கிறார். சொந்தக் கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனார், வழியில் ஒரு ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் அவரும் தீ என்றார், தோழர்களும் தீ என்றார்கள். உட்கார முடியாதவனுக்கு ஊர் ஒரு மேடை கொடுத்தது. ஆணாகப் பிறந்ததால், காலம் அப்படி இருந்ததால், மில் கேட்டும் கொடியும் இருந்ததால். அவளுக்கு என்ன இருக்கிறது. கூலி கேட்டதற்காகக் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டவர்களின் ஊர்ப்பேரைத் தூக்கி ஒரு குழந்தையின் தலையில் வைத்தார். பேரை மட்டும் வைத்தார். எங்கேயோ குப்பை கொளுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் இதே வேலை இந்தத் தெருவில், பிளாஸ்டிக்கையும் சேர்த்து. இல்லை, ரயிலின் பிரேக் தேய்ந்த நாற்றமாக இருக்கும். ரங்கண்ணன் போன அன்றைக்கும் இதே நாற்றம் இருந்தது. காலில் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினார்.

"ஏனுங்ண்ணா, எங்கீங் ஓடறீங்?" ராசாத்தி தன் வாசலில் மிளகாயைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "புள்ள கடைக்குப் போயிருக்குது, வண்டி நிக்குது" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. கேட்டில் மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்ட குரல். ராசாத்தி மிளகாயை விட்டுவிட்டு எழுந்தாள். "அட, சிக்னலுங்ண்ணா அது, தெனமும் நிக்கறதுதானுங்ளே. எங்கூட்டுக்காரரும் அக்கட்டாலதான் மாட்டிட்டிருக்கறாரு." மூக்கை உறிஞ்சினாள். "வண்டி கெடக்கட்டும், உங்கூட்டுலதானுங்ண்ணா என்னமோ தீயுது." அவர் அந்தப் பக்கமும் பார்த்தார், இந்தப் பக்கமும் பார்த்தார். தெருக்கோடியில் சந்து, பின்னால் தன் வீட்டு ஜன்னலில் புகை. அந்த இடத்தில், இரண்டு பக்கமும் போக முடியாமல் நின்ற இடத்தில்தான், நாக்கு தேடிக்கொண்டிருந்த நார் வெளியே வந்தது. விசாரணை அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மானேஜர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து கூடப் பார்க்காமல், மாரப்பனின் கட்டுப்போட்ட கையைக் காட்டிச் சொன்னது: உன்னையெல்லாம் எந்த மிஷினில் நிறுத்துவது. அந்த ஆளின் உருவம் மறந்துவிட்டது, பேர் மறந்துவிட்டது, குரல் மட்டும் இத்தனை காலம் தன் தொண்டைக்குள் குடியிருந்து சோறு தின்றிருக்கிறது. அப்போது பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்திலிருந்து ஓடி வந்து. வண்டி நகர்ந்தது. ரங்கண்ணன் போன அன்றைக்கு வண்டி இப்படிச் சீக்கிரம் நகரவில்லை. திரும்பி வீட்டுக்குள் ஓடினார். அடுப்பை அணைத்தார். போசியில் பருப்பு இல்லை, கரி இருந்தது.

கடைசிப் பெட்டி போய்ச் சந்து திறந்து, அவள் தெருவில் வருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேகமாக நடந்து வந்தாள், பாதி ஓட்டம். கையில் பெருங்காய டப்பாவை உயர்த்திப் பிடித்திருந்தாள், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. படியேறும்போதே சத்தமாக ஆரம்பித்துவிட்டாள். "மறக்கலீங்ப்பா! போறவரைக்கும் சொல்லிட்டே போனேன். கடைக்காரர் சிரிச்சாருங், எதுக்கும்மா இப்படி மந்திரம் சொல்லிட்டே வர்றேன்னு. திரும்பறப்ப வண்டி நின்னுபோச்சு. எல்லாரும் அடியில பூந்து போனாங், நான் போகலீங்ப்பா. நீங்க சொன்னீங்ளே, நின்னா நிக்கட்டும்னு. நின்னுட்டே இருந்தேன்." சொல்லிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். புகை. கரி பிடித்த போசி. டப்பா பிடித்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் கண்ணெதிரிலேயே மறுபடியும் அந்தச் சுவிட்ச்.

"நான் சிம்முல வெக்காம போயிட்டனுங்ளா?"

"இல்ல கண்ணு."

"வெச்சேன்னுதானுங்ப்பா நெனச்சேன்." அவள் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கை அதன் மேல் இருந்ததா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும் என்பது போல. "இப்ப யோசிச்சா தெரியலீங். வெச்ச மாதிரியும் இருக்குது, வெக்காத மாதிரியும் இருக்குது."

"நீ வெச்ச கண்ணு. எங்காதுல கேட்டுது. நீ போனதுக்கப்பறம் நாந்தான் ஏத்திவுட்டேன். ஏத்திவுட்டுட்டு மறந்துபோயிட்டேன். காத்தால மோட்டாரும் அப்படித்தான், உன்ற போன் எங்கிட்டத்தான் அடிச்சுது, நாந்தான் அமுக்கிப்போட்டேன்."

வெண்மணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நம்புகிறவளின் பார்வை இல்லை அது. கேட்டில் பேசுகிறவரைக் கூட்டத்தின் கடைசியிலிருந்து பார்க்கிற பார்வை. நல்ல பேச்சுத்தான், நம் ஆள்தான் பேசுகிறார், ஆனாலும். லேசாகச் சிரித்தாள் கூட.

"யாரு மாட்டுனாலும் நீங்க இப்படித்தானுங்ளேப்பா பேசுவீங்."

"சத்தியமா சாமி. நாந்தான்."

"உடுங்ப்பா." துணியைச் சுற்றிப் போசியைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தாள். குழாயைத் திறந்துவிட்டுத் தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கரி அசையவில்லை.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மணி, அந்த டாக்டரம்மாகிட்ட இன்னொருக்காப் போயிட்டு வரலாமா? அவங்க சொன்னது..." என்று ஆரம்பித்து, எனக்கும்தான் இருக்குது போல என்கிற மீதியைத் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே எடுத்துச் சொல்லக் குரலைத் தேடினார். ஊரைக் கூட்டுகிற குரல் இருந்தது. இதைச் சொல்வதற்கான குரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"வேண்டாங்ப்பா. அதான் எனக்கு ஒண்ணுமில்லீன்னு நீங்களே சொன்னீங்ளே." அவள் திரும்பாமலே தேய்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே கவனமா இருக்கேனுங்ப்பா."

மாரப்பனைச் சொல்லவிடாமல் தடுத்த அதே வரி. யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், அவளாகவே சொன்னாள். மகள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டிக் கூடம்வரை போனாள். பாதியில் நின்று, திரும்பி வந்து, மூடிய குழாயை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தாள்.